கட்டி பெரிதாகிவிட்டது, ஆனால் மருந்தைத் தொடரச் சொல்கிறார்கள்: இம்யூனோதெரபியில் ஸ்கேனை எப்படிப் படிப்பது?

கேள்வி: என் அப்பாவுக்கு 64 வயது. நுரையீரல் புற்றுநோய். கீமோ இல்லாமல் பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து மட்டும் மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஏற்றுகிறார்கள். மூன்று டோஸ் முடிந்து எடுத்த சி.டி. ஸ்கேனில், 38 மி.மீ. இருந்த கட்டி 47 மி.மீ. ஆகியிருக்கிறது. நெஞ்சுக்குள் இருந்த நிணநீர்க் கணு 16-லிருந்து 17. புதிதாக 6 மி.மீ. அளவில் ஒரு சிறு முடிச்சும் தெரிகிறதாம். ஆனால் அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது, நன்றாகச் சாப்பிடுகிறார். டாக்டர், “இதே மருந்தைத் தொடரலாம், ஆறு வாரம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுப்போம்” என்கிறார். கட்டி வளர்ந்த பிறகும் அதே மருந்தா? பெட் ஸ்கேன் எடுத்தால் உடனே தெரிந்துவிடும் என்கிறார் உறவினர் ஒருவர். நோய் எதிர்ப்பு செல்களையே படம் பிடிக்கும் ஸ்கேன் வந்துவிட்டதாகவும் படித்தேன். அதை எடுக்க முடியாதா? ரிப்போர்ட்டில் இருப்பதை அப்பாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

பதில்: உங்கள் டாக்டர் சமாளிப்பதற்காக அப்படிச் சொல்லவில்லை. நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களுக்கு அது முறையான முடிவுதான். ஸ்கேன் படிப்பதுதான் என் தொழில்; இந்த ஒரு ஸ்கேனை மட்டும் வைத்து மருந்து தோற்றுவிட்டது என்று நானும் எழுத மாட்டேன். வேலை செய்கிறது என்றும் எழுத மாட்டேன். அப்பாவின் படங்களை நான் பார்க்கவில்லை, நீங்கள் தந்த அளவுகளை வைத்துத்தான் பேசுகிறேன் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 38, 47 எங்கிருந்து வருகின்றன என்று முதலில் பார்ப்போம். சி.டி. மார்பைக் குறுக்குவாட்டில் மெல்லிய துண்டுகளாகக் காட்டும். ரேடியாலஜிஸ்ட் மவுஸை உருட்டி அந்தத் துண்டுகளில் மேலும் கீழும் போய், கட்டி எதில் மிகப் பெரிதாகத் தெரிகிறதோ அதில் நிறுத்தி, ஓரத்திலிருந்து ஓரத்துக்கு ஒரு கோடு இழுப்பார். அந்தக் கோட்டின் நீளம்தான் உங்கள் கையில் இருக்கும் எண். ஓரம் தெளிவாக இருந்தால் சிக்கல் இல்லை. ஆனால் நுரையீரல் கட்டிகளின் ஓரம் பெரும்பாலும் முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் காற்றுப் போகாமல் சுருங்கிய நுரையீரல் ஒட்டிக்கொண்டிருந்தால், கட்டி எங்கே முடிகிறது, சுருக்கம் எங்கே தொடங்குகிறது என்பதே தகராறாகிவிடும். ஒரே படத்தை இரண்டு பேர் அளந்தால் ஓரிரு மில்லிமீட்டர் மாறுவது சகஜம். உங்கள் அப்பாவுக்கு வந்திருக்கும் 9 மி.மீ. அந்தக் கணக்கில் அடங்காது. ஏதோ நிஜமாகவே பெரிதாகியிருக்கிறது. என்ன பெரிதானது என்பதைத்தான் சி.டி.யால் சொல்ல முடியாது.

வீட்டில் எல்லோரும் 38, 47 என்ற இரண்டு எண்ணையும் வைத்துக்கொண்டு, நான்கில் ஒரு பங்கு வளர்ந்துவிட்டது என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். எங்கள் கணக்கு கொஞ்சம் வேறு. ரெசிஸ்ட் என்று ஒரு அளவுமுறை இருக்கிறது. 2000-இல் வந்து 2009-இல் திருத்தப்பட்டது. உடம்பில் அளக்கத் தகுந்த கட்டிகளில் அதிகபட்சம் ஐந்தைத் தேர்ந்தெடுத்து, அளவுகளைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையைத்தான் ஸ்கேனுக்கு ஸ்கேன் ஒப்பிடுவோம். அப்பாவுக்கு அது 38-உம் 16-உம் சேர்ந்து 54. இப்போது 64. ஏற்றம் 18.5 சதவீதம். நோய் முற்றுகிறது என்று சொல்ல 20 சதவீதமாவது ஏறியிருக்க வேண்டும், அதோடு குறைந்தது 5 மி.மீ. கூடியிருக்க வேண்டும். ஆக, அளவு எல்லையைத் தொடவில்லை.

அந்த 6 மி.மீ. முடிச்சுதான் விஷயத்தை மாற்றுகிறது. புதிதாக ஒரு கட்டி முளைத்தால், பழைய விதிப்படி அளவெல்லாம் பார்க்க வேண்டியதில்லை, நோய் முற்றிவிட்டது என்றே அர்த்தம். கீமோ காலத்து விதி அது. கீமோவுக்கு அது பொருத்தமாகவும் இருந்தது; செல்லைக் கொல்லும் மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே புதுக் கட்டி வந்தால், மருந்து பிடிக்கவில்லை என்றுதானே பொருள்.

பெம்ப்ரோலிசுமாப் புற்றுநோய் செல்லை நேரடியாகத் தொடுவதில்லை. நோய் எதிர்ப்புப் படையில் டி செல்கள் என்று ஒரு வகை உண்டு; அவற்றின் மேல் பிடி-1 என்று ஒரு தடுப்பு இருக்கிறது. அதை விலக்கிவிடுவதோடு மருந்தின் வேலை முடிந்தது. மீதியை டி செல்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். (இந்தத் தடுப்புகளைக் கண்டறிந்து சிகிச்சைக்கு வழி திறந்ததற்குத்தான் ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுக்கு ஹோஞ்சோவுக்கும் 2018-இல் நோபல் பரிசு கிடைத்தது.) டி செல்கள் பெருகி, இரத்தத்தில் பயணித்து, கட்டிக்குள் நுழைந்து வேலையைத் தொடங்க வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரை கட்டி தன்பாட்டுக்கு வளரும். செல்கள் நுழைந்த பிறகும் கட்டி உடனே சுருங்கிவிடாது. உள்ளே வீக்கம் வரும், நீர் கோக்கும், சில இடங்களில் இரத்தம் கசியும். முன்பு கண்ணுக்குத் தெரியாத அளவில் இருந்த ஒரு புள்ளியைச் சுற்றி எதிர்ப்பு செல்கள் கூடினால், அது புதுக் கட்டி மாதிரியே தெரியும். ஒரு ஊர்வலத்தை உயரத்திலிருந்து பார்த்தால் கூட்டம் பெருத்திருப்பது மட்டும்தான் தெரியும். கலகம் செய்கிறவர் எத்தனை பேர், அடக்க வந்தவர் எத்தனை பேர் என்று தெரியாது. சி.டி.யின் நிலைமை அதுதான்.

மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கு இபிலிமுமாப் என்ற இன்னொரு இம்யூனோதெரபி மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில்தான் இது முதலில் பளிச்சென்று தெரிந்தது. முதல் ஸ்கேனில் கட்டி பெருத்தவர்களில் சிலருக்குப் பிற்பாடு அதே கட்டி கரைந்தது. போலி வளர்ச்சி என்று இதைச் சொல்கிறோம். அந்த அனுபவத்தை வைத்து 2009-இல் ஒரு தனி அளவுகோல் வந்தது. 2017-இல், ரெசிஸ்ட்டை இம்யூனோதெரபிக்குத் தகுந்தபடி மாற்றிய ஐ-ரெசிஸ்ட் வந்தது. அதன்படி உங்கள் அப்பாவின் ஸ்கேனுக்குப் பெயர், ‘உறுதி செய்யப்படாத வளர்ச்சி’. நான்கிலிருந்து எட்டு வாரத்துக்குள் மறுபடி எடுக்க வேண்டும். புது முடிச்சு மேலும் பெருத்தாலோ, இன்னொன்று முளைத்தாலோ வளர்ச்சி உறுதி. குறைந்தாலோ, கணக்கு முதலிலிருந்து தொடங்கும். உங்கள் டாக்டர் சொன்ன ஆறு வாரம் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

இதைப் படித்ததும், ‘அப்போ இது போலி வளர்ச்சிதான்’ என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள். இணையத்தில் இந்த விஷயத்தை எழுதுகிறவர்களில் பலர் இங்கேதான் தப்பு செய்கிறார்கள். போலி வளர்ச்சி அபூர்வம். அதிகம் பேசப்பட்ட மெலனோமாவிலேயே சுமார் பத்தில் ஒருவருக்குத்தான். நுரையீரல் புற்றுநோயில் அதைவிடக் குறைவு. இம்யூனோதெரபியில் ஸ்கேனில் கட்டி பெருத்தால், பெரும்பாலும் அது நிஜ வளர்ச்சியாகத்தான் முடிகிறது.

அப்படியானால் எதற்குக் காத்திருக்க வேண்டும்? நீங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிக்காக: இருமல் குறைந்திருக்கிறது, நன்றாகச் சாப்பிடுகிறார். என்னைக் கேட்டால், உங்கள் கடிதத்திலேயே கனமான தகவல் அதுதான். கட்டி நிஜமாக வேகமெடுக்கும்போது உடம்பு பெரும்பாலும் கூடவே சொல்லிவிடும். எடை இறங்கும், மூச்சு வாங்கும், வலி கூடும், மாடி ஏறியவர் நாற்காலியை விட்டு எழத் தயங்குவார். ஆள் தேறிக்கொண்டு வருகிறார், படம் மட்டும் மோசமாகத் தெரிகிறது என்றால், நான் படத்தைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். ஆளும் தளர்ந்திருந்தால் எந்த டாக்டரும் ஆறு வாரம் காத்திருக்கச் சொல்ல மாட்டார். ஐ-ரெசிஸ்ட்டும் அப்படித்தான் சொல்கிறது: நோயாளி நிலையாக இருந்தால் மட்டுமே காத்திருப்பது.

டாக்டரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: 38 மி.மீ. என்று அளந்த முதல் ஸ்கேன் எந்தத் தேதி, முதல் டோஸ் எந்தத் தேதி? திசுப் பரிசோதனை, மரபணுச் சோதனை, பிடி-எல்1 சோதனை (பிடி-1 தடுப்பை இயக்கும் புரதம் கட்டியில் எவ்வளவு என்று பார்ப்பது) என்று முடிவுகள் வரக் காத்திருந்ததில் இடையில் ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஓடியிருக்கலாம். அந்த நாட்களில் வளர்ந்ததும் சேர்த்துத்தான் இப்போது 47 ஆகத் தெரிகிறது. மருந்து இல்லாத காலத்து வளர்ச்சியை மருந்தின் கணக்கில் எழுதக்கூடாது அல்லவா? ரிப்போர்ட் எழுதுகிற எங்கள் கண்ணுக்கே இது பல நேரம் தப்பிவிடும், ஏனென்றால் எங்களுக்கு வரும் சீட்டில் முதல் டோஸ் தேதி இருப்பதில்லை.

சரி, பெட் ஸ்கேனுக்கு வருவோம். உங்கள் உறவினர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் இந்தக் கட்டத்தில் அது குழப்பத்தைக் கூட்டவும் செய்யும். பெட் ஸ்கேனுக்கு ஏற்றும் எஃப்.டி.ஜி. என்பது கதிரியக்கம் ஏற்றிய ஒரு வகை சர்க்கரை. வேகமாகப் பெருகும் செல் சர்க்கரையை நிறைய இழுக்கும், அந்த இடம் படத்தில் மின்னும். புற்றுநோய் செல்லும் அப்படி இழுக்கும். சண்டைக்குத் தயாரான டி செல்லும் இழுக்கும், செத்த செல்களைத் தின்னும் மேக்ரோஃபேஜ் என்ற எதிர்ப்பு செல்லும் இழுக்கும். மூன்று டோஸ் முடிந்த நேரத்தில் ஒரு இடம் முன்பைவிட அதிகமாக மின்னினால், அது நோயா, நோயைத் தின்ன வந்த செல்லா என்று பெட் ஸ்கேனும் கையை விரித்துவிடும். மெலனோமாவில் இதற்காக ஒரு வழி கண்டார்கள்: மின்னலின் அளவை விட்டுவிட்டு, புதிதாக மின்னும் இடங்களை எண்ணிப் பார்ப்பது. நான்கு அல்லது அதற்கு மேல் புதிய சிறு புள்ளிகள் வந்தால் மருந்து பலன் தரவில்லை என்று எடுத்துக்கொள்வது. அது மெலனோமா நோயாளிகளை வைத்து உருவான கணக்கு. நுரையீரலுக்கு அப்படியே தூக்கிப் போட நான் தயங்குவேன்.

பெட் ஸ்கேனின் நல்ல காலம் பின்னால் வரும். ஒரு வருடம் போல சிகிச்சை ஓடிய பிறகு, சி.டி.யில் 20 மி.மீ.யில் ஏதோ ஒன்று அசையாமல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெட் ஸ்கேனில் அது மின்னவே இல்லை என்றால், பெரும்பாலும் தழும்புதான் மிச்சம். அந்த நேரத்தில் பெட் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கலாம்.

எதிர்ப்பு சக்தி வேலை செய்வதை நேராகப் பார்க்கிற ஒரு இடம் இப்போதே இருக்கிறது, ஆனால் அது கட்டிக்குள் இல்லை. தடுப்பு விலகிய டி செல்கள் சில நேரம் சொந்த உறுப்புகளையும் தாக்கும். தைராய்டு முழுக்க ஒரே சீராக மின்னும். இரத்தப் பரிசோதனையில் ஹார்மோன் குறைவது சில சமயம் அதற்குப் பிறகுதான் தெரிய வரும். பெருங்குடல் நெடுக மின்னினால் குடல் அழற்சியை நினைக்க வேண்டும், ஆனால் அதற்கு முன் நோயாளி மெட்ஃபார்மின் சாப்பிடுகிறாரா என்று கேட்க வேண்டும், அந்தச் சர்க்கரை மாத்திரையே குடலை மின்ன வைக்கும். எம்.ஆர்.ஐ.யில் பிட்யூட்டரி சுரப்பி வீங்கித் தெரியலாம். எங்களை அதிகம் ஏமாற்றுவது நெஞ்சுக்குள் இருக்கும் நிணநீர்க் கணுக்கள். இரண்டு நுரையீரல்களின் வேர்ப்பகுதியிலும், இடமும் வலமும் ஒரே மாதிரி, கணுக்கள் பெருத்து மின்னும். முதல் பார்வைக்குப் புற்று பரவிவிட்டது போலவே இருக்கும். ஆனால் புற்று இப்படி சமச்சீராகப் பரவுவது குறைவு. மற்ற கட்டிகள் சுருங்கிக்கொண்டிருக்கும்போது இவை மட்டும் இப்படிப் பெருத்தால், சார்காய்டோசிஸ் என்ற, புற்றுநோய் அல்லாத அழற்சி நோய் மாதிரியான எதிர்வினையோ என்று சந்தேகிப்போம். திசு எடுத்துப் பார்த்தால் புற்றுநோய் செல்லே இருக்காது. பெட் எடுக்க நேர்ந்தால், கடைசி டோஸ் தேதி, சமீபத்தில் போட்ட தடுப்பூசி, எந்தக் கையில் போட்டது, காய்ச்சல், ஸ்டீராய்டு எல்லாவற்றையும் அங்கே சொல்லிவிடுங்கள். தடுப்பூசி போட்ட பக்கத்து அக்குள் கணு மின்னுவதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம்.

இனி நீங்கள் படித்த அந்தப் புது ஸ்கேன். அது கட்டுக்கதை இல்லை. சர்க்கரைக்குப் பதிலாக, குறிப்பிட்ட செல்லைப் போய்ப் பிடிக்கிற ஒரு ஆன்டிபாடியில் (எதிர்ப்புப் புரதத்தில்) கதிரியக்கப் பொருளை ஒட்டி ஏற்றுகிறார்கள். ஆன்டிபாடி உருவில் பெரியது, மெதுவாகத்தான் கட்டிக்குள் போய்ச் சேரும். அதனால் சில மணி நேரத்தில் அடங்கிவிடுகிற கதிரியக்கம் உதவாது. பெட் ஸ்கேனில் வழக்கமாகப் பயன்படும் ஃப்ளோரின்-18-இன் அரை ஆயுள் (கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் நேரம்) 110 நிமிடம்; இதற்குப் பயன்படும் சிர்கோனியம்-89-க்கு 78 மணி நேரம். இன்று ஊசி போட்டால், படம் நான்கைந்து நாள் கழித்து. ஆன்டிபாடியைச் சிறிதாக வெட்டி அமைத்த வகைகளும் உண்டு, அவற்றில் மறுநாளே எடுக்கலாம். சி.டி.8 டி செல்களை (நோய் செல்லை நேராகக் கொல்லும் வகை; சி.டி. ஸ்கேனுக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை) தேடிப் பிடிப்பது அப்படிப்பட்ட ஒன்று, மனிதர்களில் சோதித்திருக்கிறார்கள். கட்டிக்குள் சி.டி.8 செல்கள் எங்கே இருக்கின்றன, எங்கே இல்லை என்று படமாகவே பார்க்கலாம். டி செல் தாக்கும்போது வெளியிடும் கிரான்சைம்-பி என்ற நொதியைப் பிடிக்கும் மருந்துகளும் ஆராய்ச்சியில் இருக்கின்றன. எனக்கு அதில்தான் ஆர்வம் அதிகம். செல் வந்து நிற்பதையும் அது வேலை செய்வதையும் பிரித்துக் காட்டக்கூடியது அது.

2018-இல் வெளியான ஒரு ஆய்வில் பிடி-எல்1-ஐப் பிடிக்கும் அடிசோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்திலேயே சிர்கோனியத்தை ஒட்டி, 22 நோயாளிகளுக்குச் சிகிச்சைக்கு முன்பே படம் எடுத்தார்கள். கட்டிகள் நன்றாக மின்னியவர்களுக்கு மருந்தும் நன்றாகப் பிடித்தது. திசுவை எடுத்துச் சாயமிட்டுப் பார்க்கும் வழக்கமான சோதனையைவிட அந்தப் படம் பலனை நன்றாகக் கணித்தது. இன்னொன்றும் தெரிந்தது: ஒரே ஆளுக்குள்ளேயே ஒரு கட்டி மின்னியது, அடுத்தது மின்னவில்லை. ஒரு கட்டியில் ஊசி குத்தி எடுத்த திசு மற்றக் கட்டிகளுக்கும் சேர்த்துப் பேசாது என்பதைப் படமாகவே பார்த்த மாதிரி இருந்தது.

ஆனால் உங்கள் கேள்விக்கு இதனால் இன்று பதில் கிடைக்காது. இவை ஆராய்ச்சியில் சேர்ந்தவர்களுக்குச் செய்யப்படுபவை; டாக்டர் சீட்டு எழுதி எடுத்துவரக் கூடிய நிலைக்கு இன்னும் வரவில்லை. கிடைத்தாலும் அந்த 6 மி.மீ. முடிச்சு பெட் மெஷினின் பார்வைத் திறனுக்கு விளிம்பில் இருக்கிறது. உள்ளே டி செல் இருந்தால்கூட மங்கலாகத்தான் தெரியும். மண்ணீரலும் நிணநீர்க் கணுக்களும் டி செல்களின் சொந்த வீடு என்பதால் எப்போதும் மின்னும், அங்கே நோய் இருக்கிறதா என்று பிரிப்பது கஷ்டம். போதாக்குறைக்கு, டி செல் கட்டிக்குள் இருந்தும் ஓய்ந்துபோய்ச் சும்மா நிற்பதுண்டு.

அந்த முடிச்சில் ஊசி குத்திப் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். சந்தேகம் பெரிதாக இருந்தால் பயாப்ஸி நல்ல வழிதான், ஆனால் நுரையீரலில் 6 மி.மீ.யைக் குறிபார்ப்பது சிரமம், காற்று கசியும் ஆபத்தும் உண்டு. பெரிய கட்டியில் எடுக்கலாம். அதிலும் ஊசி பட்ட இடத்தின் கதை மட்டும்தான் வரும். சில மருத்துவமனைகளில் இரத்தத்தில் மிதக்கும் கட்டியின் டி.என்.ஏ.வை அளக்கிறார்கள், கட்டி பெருத்தும் அது சரிந்துகொண்டு வந்தால் நல்ல அறிகுறி. உங்கள் ஊரில் வசதி இருந்தால் கேட்டுப் பாருங்கள், கட்டாயம் என்று சொல்ல மாட்டேன்.

அடுத்த ஸ்கேனை முடிந்தவரை அதே இடத்தில், அதே மெஷினில், அதே மாதிரி கான்ட்ராஸ்ட் (படம் தெளிவாகத் தெரிய ஏற்றும் மருந்து) கொடுத்து எடுங்கள். வேறு இடத்தில் எடுத்தால் பழைய ரிப்போர்ட் காகிதம் போதாது, இரண்டு பழைய ஸ்கேன்களின் படங்களும் அடங்கிய குறுந்தட்டைக் கொண்டுபோங்கள். பழைய படம் இல்லாமல் அளந்தால், நான் இழுக்கும் கோடும் அவர் இழுத்த கோடும் வேறு வேறு துண்டில் விழும். அந்த ஸ்கேனிலும் ஏறியிருந்தால், டாக்டர் மருந்தை மாற்றுவதைப் பற்றிப் பேசுவார். அப்போது ‘இன்னும் ஆறு வாரம் பார்ப்போமே’ என்று நீங்கள் கெஞ்ச வேண்டாம். காத்திருப்பதற்கு ஒரு முறைதான் நியாயம் இருக்கிறது.

அதற்கு நடுவில் புதிதாக மூச்சு வாங்கினாலோ, நின்றிருந்த வறட்டு இருமல் திரும்பினாலோ, நாளுக்குப் பல முறை வயிற்றுப்போக்கு ஆனாலோ, நெஞ்சு வலி, விடாத தலைவலி, கட்டுக்கடங்காத அசதி வந்தாலோ, ஆறு வாரத் தேதியைப் பார்த்துக்கொண்டு உட்காராமல் அன்றே கூட்டிப் போங்கள். மருந்து நுரையீரலையே தாக்கும் அழற்சி சிலருக்கு வரும். சி.டி.யில் மங்கிய கண்ணாடி போலப் படர்ந்து தெரியும். சீக்கிரம் பிடித்தால் பெரும்பாலும் ஸ்டீராய்டுக்குக் கட்டுப்படும். நுரையீரல் புற்றுநோய் இருப்பவர் இருமினால் ‘நோய்தான்’ என்று விட்டுவிடுவது எல்லா வீட்டிலும் நடக்கிறது.

இதனால்தான் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள் என்கிறேன். மூச்சு எப்படி இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். உங்களைக் கவலைப்படுத்த வேண்டாம் என்று அவரும் மறைக்கத் தொடங்கினால், டாக்டருக்கு அரைகுறைத் தகவல்தான் போகும். ‘கட்டி கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறது, அது நோயா மருந்தின் வேலையா என்று அடுத்த ஸ்கேனில் தெரியும், அதுவரை உடம்பில் எது மாறினாலும் சொல்லுங்கள்’ என்று சொன்னால் போதும். அவர் இன்னும் விவரம் கேட்டால், அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது அவரையே கேட்க விடுங்கள்.